தாளம் பிடித்தால் ஆங்கிலம் பிடிபடும்

நோட்டுப் புத்தகத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பாடத்துக்கு முதலில் வேண்டியது கை. மேசைமேலோ தொடைமேலோ ஒரே சீராக மூன்று தட்டுத் தட்டுங்கள். நடுவில் வேகம் கூடவோ குறையவோ கூடாது. தட்டிக்கொண்டே கீழே உள்ள மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாய்கோட்டை அடுத்து வரும் அசையில் கை விழ வேண்டும்.

/பாய்ஸ் /ப்ளே /ட்ரம்ஸ்.
த /பாய்ஸ் வில் /ப்ளே த /ட்ரம்ஸ்.
த /பாய்ஸ் ஹவ் பின் /ப்ளேயிங் த /ட்ரம்ஸ்.

முதல் வாக்கியத்தில் மூன்று அசை, இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் எட்டு. தட்டு மட்டும் மூன்றிலும் மூன்றுதான். ஆங்கிலத்தைப் பிறப்பிலிருந்து பேசுகிறவர் இந்த மூன்றையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சொல்லி முடிப்பார். நடுவே வரும் ‘வில்’, ‘ஹவ்’, ‘பின்’, ‘த’ எல்லாம் தட்டுக்குத் தட்டு இருக்கும் இடைவெளியில் நசுங்கிக்கொண்டு ஓடும். கருவி வைத்து அளந்தால் இடைவெளிகள் அச்சு அசலாகச் சமமாக இருக்காது. ஆனால் காதுக்குச் சமமாகவே படும்.

தமிழின் வழக்கம் வேறு. நமக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பெரும்பாலும் எந்த அசையும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசும்போது ‘த’வுக்கும் ‘ஹவ்’வுக்கும் முழுப் பங்கு கொடுத்துவிடுகிறோம். எதிரே இருப்பவர் தட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். எல்லா அசையும் ஒரே எடையில் வந்தால் எதைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் பேசியும் “பார்டன்?” என்று திரும்பக் கேட்கப்பட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் காரணம் இதுதான். அதனால்தான் ஒலிகளுக்கும் சொற்களுக்கும் முன்னால் தாளத்தை வைக்கிறேன். ஆங்கிலத்தைப் பாட்டு வழியே கற்பதில் பெரிய லாபமும் இதுவே.

மிருதங்கம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு தட்டுக்குள் மூன்று அட்சரம் வைத்தால் தகிட, நான்கு வைத்தால் தகதிமி, ஐந்து வைத்தால் தகதகிட. தட்டு நகராது, உள்ளே அடங்குவது மாறும். கச்சேரியில் நடை மாற்றும்போது செய்வதை ஆங்கிலம் ஒரே வாக்கியத்துக்குள் செய்துகொண்டே போகிறது. ‘த பாய்ஸ்’ என்பதில் ‘த’ தட்டுக்கு முன்பே வந்து நிற்கிறதே, அது அதீத எடுப்பு. ஒரு வித்தியாசத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். ஆங்கிலத்தில் தட்டின்மேல் விழும் அசை மட்டுமே ஓங்கி, நீண்டு, தெளிவாக ஒலிக்கும், மற்றவை மங்கிப்போகும்.

இதைப் பாடத்திட்டமாகவே ஆக்கியவர் கரோலின் கிரஹாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர், இசைக் கலைஞரும்கூட. அன்றாட அமெரிக்கப் பேச்சின் லயமும் ஜாஸ் இசையின் லயமும் ஒத்துப்போவதைக் கவனித்து, சாதாரண உரையாடல்களையே தட்டோடு சொல்லவைக்கும் ‘ஜாஸ் சாண்ட்ஸ்’ என்ற புத்தகத்தை 1978இல் வெளியிட்டார். அதில் மெட்டு கிடையாது, தட்டு மட்டும்தான். குரல் வளம் இல்லாதவர்கள் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னொரு சான்று நம் வீட்டிலேயே இருக்கிறது. பாலர் வகுப்பில் ஆங்கில அகரவரிசையைப் பாடும் அந்த மெட்டை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1835இல் பதிப்புரிமை பெற்ற பாட்டு அது. முதலில் எழுத்துக்கு ஒரு தட்டு என்று நிதானமாகப் போகும். ‘எல்’ வந்ததும் நான்கு எழுத்துகள் இரண்டே தட்டுக்குள் அடைபடும். அந்த நான்கையும் ஒரே எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் உண்டு. தட்டுக்குள் அசைகளை நெரிக்கும் வித்தையை ஆங்கிலக் குழந்தை அங்கேயே பழகிவிடுகிறது.

சொல்லுக்குள்ளும் தட்டு உண்டு

வாத்தியங்களின் பெயர்களில் பழகலாம். வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்த பெருமை முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரைச் சேரும். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டையும், யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினையும், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும் கர்நாடக மேடையில் நிலைநிறுத்தினார்கள். வாத்தியத்தோடு பெயர் வந்தது. பெயருக்குரிய தட்டு வரவில்லை. ஆங்கிலத்தில் வயலின் ‘வை-அ-/லின்’. கடைசி அசையில்தான் கை விழும். மாண்டலினும் அப்படித்தான்: ‘மேன்-ட-/லின்’. கிளாரினெட் ‘க்ளே-ரி-/நெட்’, கிடார் ‘கி-/டார்’. சாக்ஸபோன் மட்டும் முதலிலேயே தட்டு வாங்கிக்கொள்ளும்: ‘/சாக்-ஸ-ஃபோன்’. பியானோவுக்கும் ஹார்மோனியத்துக்கும் நடுவில்: ‘பி-/யா-நோ’, ‘ஹார்-/மோ-நி-அம்’.

ஒரே குடும்பத்துச் சொற்களில் தட்டு இடம் மாறும். ‘/மெ-ல-டி’ என்ற பெயர்ச்சொல்லை உரிச்சொல் ஆக்கினால் ‘ம-/லோ-டி-அஸ்’. ‘/ஹார்-ம-நி’, ‘ஹார்-/மோ-நி-அஸ்’. ‘/மியூ-சிக்’, ‘மியூ-/சி-ஷன்’. ‘-இயஸ்’, ‘-ஷன்’ போன்ற விகுதிகள் ஒட்டும்போது அந்த விகுதிக்கு நேர் முந்திய அசையில் தட்டு விழும் என்பது பெரும்பாலும் பொருந்தும் விதி. எடுகேஷன், டிசிஷன், சீரியஸ் என்று இசைக்கு வெளியே உள்ள நூற்றுக்கணக்கான சொற்களுக்கும் இதே விதி உதவும்.

இன்னும் ஒரு வகையை விட்டுவிடக்கூடாது. இசைத்தட்டைக் குறிக்கும் ‘/ரெ-கார்ட்’ பெயர்ச்சொல். பதிவு செய் என்ற வினையானால் ‘ரி-/கார்ட்’. எழுத்து ஒன்றே, தட்டுதான் பெயரையும் வினையையும் பிரிக்கிறது. பரிசு ‘/ப்ரெ-சன்ட்’, வழங்குவது ‘ப்ரி-/சென்ட்’. பாட்டுக் கேட்கும்போது இப்படிப்பட்ட சொல் வந்தால் கை எங்கே விழுகிறது என்று பாருங்கள். அகராதி இல்லாமலே அது பெயரா வினையா என்று தெரிந்துவிடும்.

வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலிகள்

ஆங்கில ஒலிகளில் பல நமக்கு முற்றிலும் புதியவை என்று பயப்படத் தேவையில்லை. சில, தமிழுக்குள்ளேயே வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

‘அது’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ‘த’வைச் சொல்லும்போது நாக்கு பல்லில் அழுந்துவதில்லை, உரசிக்கொண்டு போகிறது. ‘தலை’யில் வரும் ‘த’ அப்படியல்ல, அழுத்தி அடைத்துத் திறக்கிறது. ‘ரிதம்’, ‘திஸ்’, ‘த’ ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கு வேண்டியது ‘அது’வின் ‘த’. அந்த ‘த’வை நீட்டிப் பிடித்து, முன்னால் உள்ள ‘அ’வை உதிர்த்துவிட்டால் ஒலி கைக்கு வந்துவிடும்.

‘சாங்’ என்ற சொல்லை நாம் ‘சாங்கு’ ஆக்கிவிடுகிறோம். தமிழில் ‘ங்’ வந்தால் பெரும்பாலும் பின்னாலேயே ‘க’வும் வரும் என்பதால் வாய் தானாக அங்கே போகிறது. ஆங்கிலத்தில் ‘ங்’ தனித்தும் நிற்கும். ‘அங்ஙனம்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதில் ககரமே இல்லை, முழுக்க மூக்கொலி. பாடகரைக் குறிக்கும் ‘சிங்ஙர்’ அதே ஒலிதான். ‘சிங்கர்’ என்று ககரத்தை உடைத்துச் சொல்லக்கூடாது. விரலைக் குறிக்கும் ‘ஃபிங்கர்’ சொல்லிலோ ககரம் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள்.

தட்டு விழாத அசைகளில் வரும் மங்கல் உயிர்தான் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரொலி. ‘மெலடி’யின் நடுவிலும் ‘ஆர்கெஸ்ட்ரா’வின் கடைசியிலும் அது இருக்கிறது. அதற்கு அடுத்த வீட்டில் இருப்பது நம் குற்றியலுகரம். ‘பாட்டு’ என்ற சொல்லின் கடைசி உகரத்தை உதடு குவிக்காமல், அரை மாத்திரையில் விட்டுவிடுகிறோம் அல்லவா? வாயை அதைவிடச் சற்றுத் தளர்த்தி, நாக்கை நடுவில் சும்மா கிடக்கவிட்டால் ஆங்கில மங்கல் உயிர் கிடைக்கும். அசையைக் குறுக்கிச் சொல்வது நமக்குத் தெரியாத கலை இல்லை. நம் இலக்கணம் அதற்குப் பெயரும் அளவும் கொடுத்து வைத்திருக்கிறது.

உண்மையிலேயே புதிதாகப் பழக வேண்டியவையும் உண்டு. ‘ட்யூன்’ என்று தொடங்கும்போது நுனிநாக்கை மேலண்ணத்துக்கு வளைக்காமல், மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வைக்க வேண்டும். கூடவே ஒரு மூச்சு வெளியேற வேண்டும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதம் பிடித்துச் சொல்லுங்கள், காகிதம் ஆட வேண்டும். ஆடாவிட்டால் கேட்பவர் காதில் ‘மணல்மேடு’ என்ற பொருள் தரும் ‘ட்யூன்’ (dune) விழக்கூடும். ‘பியானோ’, ‘கீ’ ஆகியவற்றுக்கும் இதே மூச்சு வேண்டும். ‘வாய்ஸ்’, ‘வால்யூம்’, ‘வயலின்’ மூன்றுக்கும் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ‘வால்ட்ஸ்’ நடனத்துக்கும் ‘விண்ட்’ வாத்தியங்களுக்கும் உதடு குவிய வேண்டும், பல் தொடக்கூடாது. ‘பாய்ஸ்’, ‘ட்ரம்ஸ்’, ‘சாங்ஸ்’ மூன்றின் கடைசி ‘ஸ்’ஸிலும் தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். ‘மியூசிக்’கின் நடுவிலும் அப்படியே.

எழுத்தைப் பார்த்து ஏமாறும் இடங்கள் இசைத் துறையில் அதிகம். ‘கோரஸ்’, ‘ஆர்கெஸ்ட்ரா’, ‘கார்ட்’ மூன்றிலும் ‘சி-எச்’ எழுத்துகள் ககரமாக ஒலிக்கும். சேர்ந்திசைக் குழுவைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘சொய்ர்’ வரும். சரியான ஒலி ‘க்வயர்’. தாழ்ந்த சுருதிக் குரல் ‘பேஸ்’. நேரடிக் கச்சேரி ‘லைவ்’; வாழ்வது ‘லிவ்’.

பாட்டைப் ‘போடுவது’ எப்படி?

“பாட்டுப் போடு”, “சவுண்டைக் குறை” என்பவை நம் வீட்டில் தினமும் கேட்கும் வாக்கியங்கள். அப்படியே மாற்றி ‘புட் த சாங்’, ‘ரெட்யூஸ் த சவுண்ட்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ப்ளே த சாங்’ அல்லது ‘புட் ஆன் சம் மியூசிக்’. சத்தத்தைக் கூட்ட ‘டர்ன் இட் அப்’, குறைக்க ‘டர்ன் இட் டவுன்’. சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, இப்படி வாயில் சேர்ந்தே வரும் கூட்டுகளாக எழுதிவையுங்கள். சுருதி விலகினால் ‘அவுட் ஆஃப் ட்யூன்’. தாளம் தப்பினால் ‘அவுட் ஆஃப் டைம்’. ஒருமுறை கேட்டதும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு ‘கேச்சி ட்யூன்’.

நாம் வீணை வாசிக்கிறோம், மேளம் கொட்டுகிறோம், பறை அடிக்கிறோம், கொம்பு ஊதுகிறோம். ஆங்கிலம் எல்லாவற்றையும் ‘ப்ளே’ என்ற ஒரே வினையில் முடித்துவிடும். ஆனால் வாத்தியத்தின் முன்னால் பொதுவாக ‘த’ வரும்: ‘ப்ளே த வயலின்’. விளையாட்டுக்கு வேண்டாம்: ‘ப்ளே கிரிக்கெட்’.

‘நோட்’ என்ற சொல்லுக்கு நம் இசையில் பழைய உறவு இருக்கிறது. ஐரோப்பிய பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சாகித்தியம் எழுதினார்; அவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். மதுரை மணி ஐயர் பாடிப் பிரபலமான ‘இங்கிலீஷ் நோட்டு’ இன்றும் கச்சேரிகளில் கேட்கிறது. அந்த நோட்டுக்குப் பொருள் ஸ்வரம். ஆங்கிலப் பாட்டு வகுப்பில் ‘ஹை நோட்’ என்றால் மேல் ஸ்தாயி ஸ்வரம்.

இசையிலிருந்து பேச்சுக்குப் போன மரபுத்தொடர்களையும் தமிழோடு சேர்த்துப் பிடிக்கலாம். தன்னைத் தானே புகழ்கிறவன் நம் ஊரில் தம்பட்டம் அடிப்பான். ஆங்கிலத்தில் தன் சொந்த டிரம்பெட்டை ஊதுவான். ‘ப்ளே இட் பை இயர்’ என்றால் முன்திட்டம் இல்லாமல் நிலைமையைப் பார்த்து நடந்துகொள்வது. செய்ததற்கு உரிய கண்டிப்பையோ தண்டனையையோ எதிர்கொள்வது ‘ஃபேஸ் த மியூசிக்’. மூன்று போதும். இவற்றை முதலில் வாயில் புழங்கவிடுங்கள்.

பாட்டு சொல்லித்தரும் இலக்கணம், தராத இலக்கணம்

‘சிங், சேங், சங்’ என்ற மூன்று வடிவத்தைத் தட்டோடு சொல்லுங்கள். நடுவில் உள்ள உயிர் ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறது. ‘ரிங்’ இதே பாதையில் போகும், ‘ட்ரிங்க்’, ‘பிகின்’, ‘ஸ்விம்’ ஆகியவையும் அப்படியே. ‘ப்ரிங்’ மட்டும் ஏமாற்றும். அதன் இறந்தகாலம் ‘ப்ராட்’. மூன்றாவது வடிவம் வாக்கியத்தின் வினையாக ஒருபோதும் தனியே நிற்காது. ‘ஷி சங்’ என்பது பிழை. ‘ஷி சேங்’ என்றோ ‘ஷி ஹாஸ் சங்’ என்றோதான் சொல்ல வேண்டும். இந்த வடிவத்தைச் செயப்பாட்டு வினையிலும் பார்க்கலாம். இசைத்தட்டு உறைகளைப் பாருங்கள்: ‘ரிட்டன் பை’, ‘கம்போஸ்ட் பை’, ‘சங் பை’. ஒரு செயப்பாட்டு வினைப் பாடமே அந்த உறையில் அச்சாகியிருக்கிறது.

முதலில் தட்டிப் பழகிய ‘ஹவ் பின் ப்ளேயிங்’ வடிவத்துக்கு இப்போது வருவோம். “மூன்று வருஷமா வயலின் கத்துக்கிறேன்” என்பதை ‘ஐ ஆம் லேர்னிங் வயலின் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று சொல்வது மிகப் பரவலான தவறு. முன்பே தொடங்கி இப்போதும் நடப்பதற்கு ‘ஐ ஹவ் பின் லேர்னிங் த வயலின் ஃபார் த்ரீ இயர்ஸ்’ வேண்டும். கால அளவு சொன்னால் ‘ஃபார்’, தொடங்கிய ஆண்டு சொன்னால் ‘சின்ஸ்’. தட்டோடு சொல்லும்போது ‘ஹவ் பின்’ நசுங்கி ‘வ்பின்’ ஆகிவிடும். பேச்சில் அது நம் காதில் விழாமல் போவதற்கும், அதனால் நாம் அதை விட்டுவிட்டுப் பேசுவதற்கும் இதுவே காரணம். தாளம் தெரிந்தால் இந்த இலக்கணமும் காதில் விழத் தொடங்கும்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மியூசிக்’ எண்ணப்படாத பெயர்; ‘ஏ மியூசிக்’ இல்லை, ‘ஏ பீஸ் ஆஃப் மியூசிக்’. ‘லிசன்’ வந்தால் கூடவே ‘டு’ வர வேண்டும். ‘ஐ ஆம் லைக்கிங் திஸ் சாங்’ வேண்டாம், ‘ஐ லைக்’ போதும்.

பாட்டு வரிகளில் உள்ள இலக்கணத்தை அப்படியே எடுத்துத் தேர்வுத்தாளில் எழுதிவிடக்கூடாது. ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ மாதிரியான இரட்டை எதிர்மறை, ‘ஹி டோன்ட்’, ‘கோயிங் டு’வின் சுருக்கமான ‘கானா’, ‘எய்ன்ட்’ எல்லாம் பாடல்களில் சர்வசாதாரணம். அவை படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்க வேண்டியவை அல்ல. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களிலும் கறுப்பின மக்களிடமும் வழங்கும், தமக்கென ஒழுங்குள்ள பேச்சு வழக்குகளிலிருந்து வந்தவை பல. கேட்டால் புரிய வேண்டும், அலுவலகக் கடிதத்தில் வரக்கூடாது. நோட்டில் இவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

எந்தப் பாட்டு, எப்படி?

தொடக்கத்துக்கு ஜிம் ரீவ்ஸ் மிகப் பொருத்தம். 1964இல் விமான விபத்தில் இறந்த இந்த அமெரிக்கப் பாடகருக்கு இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. நிதானமான வேகம், ஒவ்வொரு சொல்லும் தனியே கேட்கும் உச்சரிப்பு. நாட் கிங் கோல், கார்பென்டர்ஸ் குழுவின் கேரன் கார்பென்டர் ஆகியோரும் அப்படியே. 1965இல் வந்த ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் குழந்தைகளுக்கு ‘டோ ரெ மி’ சொல்லித்தரும் காட்சி, சரிகம தெரிந்த எந்தக் குழந்தைக்கும் உடனே பிடிக்கும். 1974இல் யூரோவிஷன் போட்டியில் வென்ற ஆபா குழுவினர் சுவீடன்காரர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் கற்ற மொழிதான். ராப் பாட்டில் தட்டும் பேச்சின் அழுத்தமும் நன்றாக ஒத்துப்போகும். ஆனால் வேகம் அதிகம் என்பதால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

பிரிட்டிஷ் பாடகர் பாடினால் பிரிட்டிஷ் உச்சரிப்பு வரும் என்று நம்பிவிட வேண்டாம். மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1983இல் இதை ஆராய்ந்து எழுதினார். பீட்டில்ஸ் குழுவின் தொடக்ககால இசைத்தட்டுகளில் அமெரிக்க ரகரம் அதிகமாகவும், போகப்போகக் குறைந்தும் வந்ததை அவர் காட்டினார்.

ஒரு பாட்டில் நான்கு வரி போதும். முழுப் பாட்டையும் அள்ளிக்கொள்ளும் ஆசைதான் பலரை முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறது. வரிகளைப் பார்க்காமல் முதலில் கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தப்பாக விழும், விழட்டும். அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட் சிறுவயதில் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டைக் கேட்டு, அதில் இல்லாத ஒரு சீமாட்டியின் பெயரைத் தானே கற்பித்துக்கொண்டிருந்தார். 1954இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, இப்படித் தவறாகக் காதில் விழுவதற்கு ‘மாண்டகிரீன்’ என்று அந்தச் சீமாட்டியின் பெயரையே வைத்துவிட்டார். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே இந்த நிலை. எழுதியதைச் சரியான வரிகளோடு ஒப்பிட்டு, எங்கே மாறிப்போனது என்று பாருங்கள். பெரும்பாலும் தட்டு விழாத அசைகளில்தான் மாறியிருக்கும். பாட்டு வேகமாக இருந்தால் யூடியூபில் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சாய்கோடு போட்டுத் தட்டோடு சொல்லுங்கள், பிறகு பாடுங்கள். பலர் பாடியதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தக்கூடாது. மெட்டுக்காகப் பாடகர் மங்கல் அசையையும் நீட்டிப் பாடுவார்; பேச்சில் அப்படி நீட்டினால் வேடிக்கையாக இருக்கும். நம் கீர்த்தனைகளிலும் குறில் நெடிலாக நீள்வது உண்டு. அதை யாரும் வீட்டுப் பேச்சுக்குக் கொண்டுவருவதில்லை. ஆகவே பாடிய நான்கு வரியையும் மெட்டை உருவிவிட்டு, யாரிடமோ செய்தி சொல்வதுபோல் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, மூலத்தையும் உங்கள் பதிவையும் அடுத்தடுத்து ஓடவிட்டுத் தட்டிப் பாருங்கள். இரண்டிலும் கை ஒரே அசைகளில் விழுந்தால் அடுத்த நான்கு வரிக்குப் போகலாம். விழாவிட்டால், எந்த இடத்தில் பிசகுகிறதோ அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் பாட்டில்லாமல் தட்டிலிருந்து தொடங்குங்கள்.